தலை மறந்த மெட்டு

கோழித் தொழிற்சாலையின் கம்பிவேலி முடிந்த பிறகும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஒரு காலை. ஜேர்மனியில், ஒஸ்னாபுரூக்குக்கும் பிறேமனுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சோளம் வெட்டி முடித்த வெறும் காணிகள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. அவ்வளவுதான் என் வீடு.

வேலையை விட்டால் அறையையும் விடவேண்டும் என்பது அங்கே ஒப்பந்தம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீண்ட காலம் கோழிகளைக் கொழுவியில் மாட்டியிருந்தேன், இனிப் போதும் என்று தோள்மூட்டு சொல்லிவிட்டது. எனக்கு இது புதிதும் இல்லை. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தபோது வகுப்பு வாங்கில் உட்காரும் வயது போய்விட்டது. ஊரில் மினிபஸ் கண்டக்டர், மேசனுக்குக் கையாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு பீட்சாக் கடை, பூந்தோட்டம், பார்சல் களஞ்சியம், கடைசியாகக் கோழி. ஓர் இடத்தில் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

நடந்தபடியே ஹம்பேர்க்கில் இருக்கும் ஓர் அண்ணைக்குப் போன் எடுத்தேன். பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்.

"அண்ணை, வேலையை விட்டிட்டன். அங்க வாறன்."

"திரும்பவுமோ? உனக்குக் காலில சில்லுப் பூட்டி விட்டவையோடா?"

"ஏதும் வேலை பிடிக்கலாமோ அண்ணை?"

"வா, பாப்பம். கடைக்குப் பின்னால ரெண்டு நாள் படு. அதுக்கு மேல ஏலாது, என்ர மனுசி என்னையும் சேர்த்து வெளியில விட்டிடுவா."

அதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. மழை தொடங்கியது. ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன். மழைக்கு ஒதுங்க ஒரு மரமும் இல்லாத ரோட்டு அது.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை வான் என்னைக் கடந்து போய், நின்று, பின்னோக்கி வந்தது. கண்ணாடி இறங்கியது. அறுபது வயது இருக்கும் ஒருவர். நரைத்த தலை, சுண்ணாம்பு பிடித்த விரல்கள், ஆனால் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும். ஜேர்மன் பேசினார், ஜேர்மன்காரர் போலப் பேசவில்லை. என்னைப் போல அவரும் வந்த ஆள்தான் என்று உடனே பிடித்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடந்த பேச்செல்லாம் உடைந்த ஜேர்மனில்தான். அதை எனக்கு வருகிற தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

"ஓட்டோபான் பெரிய ரோட்டுக்கு எப்பிடிப் போறது? முன்னுக்கு விபத்தாம், எல்லா வண்டியையும் அதில இருந்து இறக்கி விட்டிட்டாங்கள். இந்தச் சோளத்துக்குள்ள சுத்திச் சுத்தி வாறன்."

தொழிற்சாலை வான் எங்களை ஏற்றி இறக்கிய குறுக்கு ரோட்டுகள் எனக்கு மனப்பாடம். நான் வழி சொல்லத் தொடங்கினேன். அவர் இடையில் கையைக் காட்டினார்.

"நீர் எங்க போறீர்?"

"ஹம்பேர்க்."

"ஏறும். வழியைப் பக்கத்தில இருந்து சொல்லும். ரெண்டு மணிக்கு என்ர அக்காவைப் புதைக்கினம். நான் அங்க நிக்க வேணும்."

ஏறப் போனால் ஆசனத்தில் ஏற்கெனவே ஓர் ஆள். கறுப்புப் பெட்டி ஒன்று, சீட்பெல்ட் போட்டு இருத்தி வைக்கப்பட்டிருந்தது. வயலின் பெட்டி. எங்கள் பழைய ஆட்கள் சொல்வதுபோல அவரும் அதைப் பிடில் என்றுதான் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வான் முழுக்கச் சாந்து வாசம். பின்னால் சுண்ணாம்பு மூட்டைகளும் வாளிகளும் உருண்டன. டோர்ட்மண்ட் பக்கத்தில் சுவர் பூசும் வேலை செய்கிறாராம். அயர்லாந்திலிருந்து இளவயதில் கட்டட வேலைக்கு வந்தவர். அவருடைய அக்கா அதற்கு முன்பே வந்து, இங்கே ஒரு ஜேர்மன்காரரைக் கலியாணம் முடித்து, ஹம்பேர்க்குக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்திருக்கிறார். அவர்தான் போய்விட்டார்.

நான் அவரை ஷெஃப் என்று கூப்பிட்டேன், ஜேர்மனில் முதலாளி என்று அர்த்தம். வேலை தருகிறவர், வாகனத்தில் ஏற்றுகிறவர், கந்தோரில் முத்திரை குத்துகிறவர், எல்லாரும் எனக்கு ஷெஃப்தான்.

ஓட்டோபானில் ஏறிய பிறகு அவர் வாய்க்குள் ஏதோ மெட்டை முனகத் தொடங்கினார். கொஞ்சத் தூரம் போகும், அறுந்துவிடும். திரும்பத் தொடங்குவார், அறுந்துவிடும். கடைசியில் ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தலை வருதில்லை" என்றார். "நடு வரும். முடிவு வரும். தலைதான் வருதில்லை. அக்கா செத்த செய்தி வந்த நாளில இருந்து வருதில்லை."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அக்காவின் கடைசி விருப்பம் ஒன்றே ஒன்றாம்: குழியடியில் தம்பி அந்த மெட்டை வாசிக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அது அவர்கள் குடும்பத்து மெட்டு. ஆட்டத்துக்கு வாசிப்பது, மூன்று மூன்றாகத் துள்ளும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் வாசித்ததுதான். ஆனால் பிடில்காரர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டாம். முதல் நாலைந்து ஸ்வரம் கைக்கு வந்தால் மிச்சம் தானாக ஓடும். அது வராவிட்டால் முழு மெட்டும் பூட்டிய வீடு. பக்கத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் தலையை எடுத்துக் கொடுப்பார். இந்த மெட்டின் தலையை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

"பதிவு ஒண்டும் இல்லையோ, ஷெஃப்?"

"நாங்கள் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறம், பிறகு பதிவு என்னத்துக்கு எண்டு இருந்திட்டம்."

 

ஆளைப் பேசவிட்டால் மறந்தது வரும் என்று எனக்கு ஓர் எண்ணம். சாவி தொலைத்தவரிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்போமே, அப்படி. இந்த மெட்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். கேட்டது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. அதுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் வாழ்நாள் சண்டையாம்.

தம்பியின் கதை இது. அவர்கள் அம்மாவின் மாமன் ஒருவர் பொழுதுபடும் நேரம் ஒரு புல்மேட்டைக் கடந்து வந்திருக்கிறார். மேட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆட்கள் இருப்பதாக அங்கே நம்பிக்கை. உள்ளேயிருந்து பிடில் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, வாய் திறந்தால் விழுந்துவிடும் என்று ஒருவரோடும் பேசாமல் வீடு வரை முனகிக்கொண்டே வந்தாராம். வழியில் வணக்கம் சொன்ன அயலவருக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு சாகும்வரை முகம் கொடுக்கவில்லையாம். தம்பி இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லித்தான் அந்த மெட்டை வாசிப்பார்.

அக்காவின் கதை வேறு. மேடும் இல்லை, சின்ன ஆட்களும் இல்லை. ஊர் ஊராக நடந்து தகரப் பாத்திரம் ஒட்டுகிற ஒருவர் ஒரு மழைக்காலம் அந்த மாமனின் வைக்கோல் கொட்டகையில் படுத்திருக்கிறார். அவரிடம் ஒரு பிடில் இருந்திருக்கிறது. மெட்டு அவருடையது. அப்படிப்பட்ட ஆளிடம் எடுத்தேன் என்று ஊரில் சொல்ல மாமனுக்கு வெட்கம். அதனால் மேட்டின் தலையில் கட்டிவிட்டார்.

"அக்காவுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"அம்மா அவவுக்கு மட்டும் சொன்னவவாம். எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்லை. எங்கட ஆக்களிட்ட ஒரு முறை இருக்கு. வாசிக்க முந்தி ஆரிட்ட எடுத்தது எண்டு சொல்ல வேணும். சொல்லாட்டில் அது களவு மாதிரி. நான் பெரிய கூட்டத்தில மேட்டுக் கதை சொல்லுவன், அக்கா பின்னுக்கு இருந்து 'பொய், பொய்' எண்டு கத்துவா. கடைசியாப் போன் கதைச்சதும் அதிலதான் போய் முடிஞ்சது. நான்தான் முதல்ல போனை வைச்சனான்."

எனக்கு எந்தக் கதை பிடித்தது என்று அவர் கேட்கவில்லை. மழையில் நனைந்த பைகள் இரண்டும் என் காலடியில் இருந்தன. கொட்டகையில் படுத்தவர் பக்கம்தான் நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறேமன் தாண்டியது. அவர் முனகுவதையும் விட்டுவிட்டார். நீளமான லொறி ஒன்றை முந்திக்கொண்டிருந்தோம். கண்ணாடி முழுக்கச் சேற்றுத் தண்ணீர். அந்த நேரம் பார்த்து அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் வந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முழுத் தலையும், சுத்தமாக.

"பிடியும்! பிடியும்!" என்று கத்தினார்.

நான் பிடில் பெட்டியைக் கட்டிப் பிடித்தேன்.

"அதை இல்லை மனுசா, மெட்டை! பாடும்! திருப்பிப் பாடும்!"

நான் பாடகன் இல்லை. கோவில் தேவாரத்திலும் பின்வரிசையில் வாயசைத்த ஆள். ஆனாலும் பாடினேன். பிழைத்தது. அவர் திரும்பப் பாடினார். நானும் திரும்பப் பாடினேன். 'லல்லா, லல்லா' என்று வெறுமனே பாடினால் என்னிடம் எதுவும் நிற்காது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நின்றதும் ராகத்தோடு கத்தியதால்தான். இதற்கும் ஏதாவது சொல் வேண்டியிருந்தது. யோசிக்காமலே வாயில் வந்தது நான் மினிபஸ் மிதிபலகையில் நின்று கத்திய ஊர்ப் பெயர்கள்: நாவற்குழி, கைதடி, நுணாவில், சாவகச்சேரி. நாவற்குழியில் புறப்பட்டு, கைதடியில் மேலே ஏறி, நுணாவிலில் ஒரு துள்ளல், சாவகச்சேரியில் கீழே இறங்கியது. அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"என்ன சொல்லுறீர்?"

"பஸ் நிக்கிற இடங்கள், ஷெஃப்."

அன்று முதல்முறையாகச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் மெட்டு மறக்காமலிருக்க இப்படி ஏதாவது அசட்டு வரிகளைப் போட்டு வைப்பார்களாம். இதற்கு மட்டும் ஒருவரும் போடவில்லையாம்.

அவருடைய போனில் என் குரலைப் பதிவும் செய்தோம். ஆனால் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைக் காதில் வைக்க முடியுமா? அதனால் ஓர் ஏற்பாடு. நான் ஹம்பேர்க் போவதை அன்றைக்குத் தள்ளிப்போட வேண்டும். குழியடியில் அவர் பார்வை படுகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தால் தலையைக் கொடுக்க வேண்டும். பார்க்காவிட்டால் சும்மா நிற்கலாம். இவ்வளவுதான் வேலை. கஷ்டமில்லாத வேலை என்று நினைத்தேன்.

"ஒண்டே ஒண்டு" என்றார். "முதல்ல மண்டபத்தில பூசை நடக்கும். அங்க ஓர்கன் எண்ட வாத்தியம் வாசிப்பாங்கள். அதைக் கேளாதையும். ஒரு மெட்டு மற்றதைத் தின்னும்."

"அப்ப நான் வெளியில நிக்கிறன்."

"அதுதான் நல்லது."

நேரத்துக்கு வந்துவிட்டோம். ஆட்களைப் புதைக்கிற சவக்காலையின் வாசலில் வானை நிறுத்தி, அதற்குள்ளேயே பிடிலை எடுத்து, மெதுவாக இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். ஓடியது. என் ஜாக்கெட் சிவப்பு. அவர் பின்னாலிருந்து தன்னுடைய கறுப்பு மழைக்கோட்டை எடுத்துத் தந்தார். அது எனக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது.

சொன்னபடி மண்டபத்து வாசலுக்கு வெளியே நின்றேன். ஆனால் அக்காவின் கணவர் என்னைக் கண்டுவிட்டார். உயரமான, கூன் விழுந்த மனிதர். அழுது சிவந்த கண். என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. "என்ர மனுசியின்ர அடக்கத்துக்கு வந்த ஒருத்தர் மழையில நிக்கிறதோ" என்று என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், இரண்டாம் வரிசையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார். அப்படி ஒரு மனிதரிடம் 'எனக்கு ஓர்கன் கேட்கக்கூடாது' என்று எந்த மொழியில் சொல்வது?

ஓர்கன் தொடங்கியது. முதல் மெட்டு மிக மெதுவானது. எனக்கு ஆபத்தில்லை. உள்ளே நாவற்குழி, கைதடி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பாதிரியார் பேசினார். எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். இருந்தார்கள், நானும் இருந்தேன். முன்வரிசையில் அவருடைய நரைத்த பிடரி தெரிந்தது. அந்தப் பிடரி அசையாமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு இரண்டாவது மெட்டு வந்தது. அது மெதுவானதுதான், ஆனால் மூன்று மூன்றாக ஆடி ஆடி வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயர்களைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகையில் திடீரென்று தெரிந்தது, நாவற்குழி அதே நாவற்குழிதான், ஆனால் அது ஓர்கனின் மெட்டில் ஏறிவிட்டது. பஸ் வேறு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்துத் திருப்பப் பார்த்தேன். வரவில்லை. நிறுத்தி, மூச்சை அடக்கி, திரும்பத் தொடங்கினேன். ஓர்கன்தான் வந்தது. வேர்த்துக் கொட்டியது. அது ஹீட்டரால் இல்லை.

நான் பயந்த நேரங்கள் பல. அவை என் உயிருக்குப் பயந்த நேரங்கள். இன்னொருவருடைய காரியம் என் வாயில் இருக்கிறது என்று பயந்தது அதுதான் முதல் தரம். அவருக்குத் தலை தானாகவே வந்துவிடும், நான் தேவைப்படமாட்டேன் என்று மனதைத் தேற்றினேன். அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

குழியடிக்கு நடந்தோம். மழை தூறலாகிவிட்டது. சவப்பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சின்னச் சவளால் மண் போட்டார்கள். நானும் போட்டேன், போடாமல் நிற்பது மரியாதையில்லை. பிறகு எல்லாரும் விலகி நின்றார்கள். அவர் கோட்டுக்குள்ளிருந்து பிடிலை எடுத்துத் தாடையில் வைத்தார். வில்லைத் தந்தியில் வைத்தார்.

வில் நகரவில்லை.

காத்திருந்தோம். யாரோ இருமினார்.  பிடில்காரர் மெல்லத் தலையைத் திருப்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். சொல் நாலும் தயாராக வரிசையில் நின்றன. மெட்டு இல்லை. ஒரு துளிகூட இல்லை. கறுப்புக் கோட்டுக்காரர்கள் எல்லாரும் அவர் பார்வை போன வழியே திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவருடைய கண்ணில் கேள்விகூட இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போது என் வலது கை தன்பாட்டில் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. பஸ்ஸின் தகரத்தில் தட்டுவோமே, 'எல்லாரும் ஏறிட்டினம், இழு' என்று, அந்தத் தட்டு. அதோடு குரலும் கிளம்பிவிட்டது. பாடவில்லை, கத்தினேன். மூக்கால், கண்டக்டர் குரலில், அந்தச் சவக்காலை முழுக்கக் கேட்க:

"நாவற்குழி! கைதடி! நுணாவில்!"

ஒரு தரம் கத்தினேன். வெறும் கத்தல்தான். தட்டினேன், இன்னொரு தரம் கத்தினேன். தட்டுக்குத் தட்டு வாயில் துள்ளல் ஏறியது. மூன்றாம் தரம் கைதடியில் குரல் தானாக மேலே போனது. அது மேலே போன விதத்தில் எனக்கே தெரிந்தது, இதுதான். நுணாவிலுக்கு நான் வரவேண்டியிருக்கவில்லை. பிடில் வந்துவிட்டது.

அவர் வாசித்தார். அழுகை மெட்டு இல்லை அது. கல்யாண வீட்டில் ஆட வேண்டிய மெட்டு. முதல் சுற்றில் எல்லாரும் குனிந்து நின்றார்கள். இரண்டாம் சுற்றில் அக்காவின் கணவருடைய சப்பாத்து நுனி ஈர மண்ணில் மெல்ல அசைந்ததைக் கண்டேன். மூன்று சுற்று வாசித்து, கடைசி ஸ்வரத்தை நீட்டாமல் வெட்டி நிறுத்தினார்.  பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வந்தது. இவ்வளவு நேரமும் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்து பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுத்தார்கள். அது இந்தப் பக்கத்து வழக்கம். நான் சுவரோரமாக நின்று மூன்று துண்டு தின்றேன். காலையிலிருந்து வெறும் வயிறு. அப்போது அவர் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"எங்கட முறைப்படி இதை முந்திச் சொல்லியிருக்க வேணும். சொல்லேலாமல் போச்சு, இப்ப சொல்லுறன். இந்த மெட்டை நான் அம்மாவிட்ட எடுத்தனான். அம்மா தன்ர மாமாவிட்ட எடுத்தவ. மாமா, தன்ர கொட்டகையில படுத்த ஒரு தகரம் ஒட்டுற ஆளிட்ட எடுத்தவர். அந்த ஆளின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கரண்டியால் என் பக்கம் காட்டினார்.

"இண்டைக்கு இதின்ர தலையை நான் எடுத்தது, அந்தா சுவரோட நிண்டு கேக் சாப்பிடுற ஆளிட்ட."

எல்லாரும் திரும்பினார்கள். என் வாய் நிறையக் கேக். அக்காவின் கணவர் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரிப்பும் இருந்தது. "உங்கட சண்டையில கடைசியில அவதான் வெண்டா" என்றார். "பெட்டிக்குள்ள இருந்தும் வெண்டிட்டா."

கூட்டம் கலைகிற நேரம் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். சவக்காலைத் தோட்டத்துக்குப் பொறுப்பானவர். குழியை மூடுவதற்காக வேலியோரம் காத்து நின்றதில் என் கத்தலையும் கேட்டிருக்கிறார்.

"உங்கட சமயத்தில செத்தவருக்குச் சொல்லுற மந்திரமோ அது? வடிவா இருந்தது."

"இல்லை. பஸ் நிக்கிற இடங்கள்."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பி பூட்ஸில் ஊற்றியது. துடைத்துக்கொண்டே, எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். இன்று காலை வரை கோழியில், இப்போது எங்கேயும் இல்லை என்றேன். இலையுதிர் காலம், இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்கிறேன், நாளைக்கு ஏழு மணிக்கு வர முடியுமா என்றார். ஓம், வாறன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

அன்று அக்காவின் கணவர் என்னைத் தன் வீட்டு சோபாவில் படுக்கச் சொன்னார். போனைச் சார்ஜில் போட்டு அண்ணையைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, நான் அங்க வரேல்லை."

"எங்கயடா நிக்கிறாய்? மனுசி உனக்கும் சேர்த்துப் புட்டு அவிச்சுப்போட்டு இருக்கிறா."

"சவக்காலையில வேலை கிடைச்சிருக்கு."

"டேய், பகிடி விடாத. ஒழுங்காச் சொல்லு."

"உண்மையா அண்ணை."

 "சரி, அங்கயாவது ஆக்கள் எழும்பி ஓடமாட்டினம். நீயும் கொஞ்சம் பாத்துப் பழகு" என்றார்.

மறுநாள் காலை இன்னும் முழுதாக விடியவில்லை. பிடில்காரர் டோர்ட்மண்டுக்குப் புறப்பட்டார். மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. வானை எடுக்கும்போது ஜன்னலால் தலையை நீட்டி நாலு பெயரையும் மெட்டோடு பாடிக்காட்டினார். கைதடியைக் கொன்றுவிட்டார், மற்றதெல்லாம் சரி. இனி அந்த மெட்டை அவரிடம் எடுக்கிறவர்கள் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்கள், அவரும் முறைப்படி சொல்லுவார். எத்தனையோ இடத்தில் வேலை செய்து போயிருக்கிறேன், போன பிறகு என்னைப் பற்றி ஒரு வார்த்தை மிஞ்சிய இடம் எனக்குத் தெரிந்து அந்த மெட்டு மட்டும்தான். அதை நினைத்தால் இப்போதும் மனம் லேசாகிறது.

ஏழு மணிக்குத் தோட்டக்காரி இலை ஊதும் இயந்திரத்தை என் முதுகில் மாட்டி, பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பெரிய பாதையில் தொடங்கச் சொன்னார். லிண்டன் மரத்து மஞ்சள் இலைகள் கணுக்கால் வரை கிடந்தன. விசையை அழுத்தினேன். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைக்காமல் நான் தொடங்கிய முதல் வேலை அது.